பெங்களூரில் பச்சோந்திக் குட்டி: கூண்டு முதல் தீனி வரை

கூண்டு முதலில், குட்டி பிறகு. செடி, விளக்கு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் பொருத்தி, ஒரு வாரம் வெறும் கூண்டாகவே ஓட விட்டு, காலை, மதியம், நள்ளிரவு மூன்று வேளையும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். எண்கள் நிலைப்பட்ட பிறகு குட்டியைக் கொண்டுவந்தால் போதும். நாய்க்குட்டிக்குப் பாயைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், இதற்கு அந்த அவகாசம் கிடையாது. மூன்று மாதக் குட்டியின் உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இருக்காது. இரண்டு நாள் தண்ணீர் சரியாகக் கிடைக்காவிட்டால் கண் குழி விழ ஆரம்பித்துவிடும்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். பச்சோந்திக்கு இரவில் வெப்பம் இறங்கியே ஆக வேண்டும். சென்னையில் அதற்கு ஏசி போட வேண்டும், இங்கே ஜன்னலைத் திறந்தால் போதும். ஆனால் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மதியக் காற்றில் ஈரமே இருக்காது, கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் முறுகிவிடும். ஆகவே இந்த ஊரில் மெனக்கெட வேண்டியது தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும்தான். சூட்டைக் கூட்டுவதில் பாதிப் பங்கு அக்கறை போதும்.

எந்தக் குட்டி?

நம் ஊர்ப் புதர்களில் இருக்கும் இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வேலியிலோ தோட்டத்திலோ ஒன்றைப் பார்த்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். (தோட்டத்துச் சுவரில் தலையாட்டிக்கொண்டு கழுத்துச் சிவக்கும் பிராணி பச்சோந்தி அல்ல, ஓணான்.)

வளர்ப்புக்கு வருபவை வெளிநாட்டு இனங்கள். ஏமன், சவூதி அரேபியப் பகுதியைச் சேர்ந்த வெய்ல்டு பச்சோந்தியும், மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியும் அதிகம் புழங்குகின்றன. முதல்முறை வளர்ப்பவருக்கு வெய்ல்டுதான் தோது, இந்தக் கட்டுரையும் அதை வைத்தே எழுதப்பட்டது. இரண்டுமே, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கிய ரசீது, விற்பவரின் பதிவு விவரம் இரண்டும் கையில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்று மாதம் நிரம்பாத குட்டி வேண்டாம். பகலில் இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்து, தனித்தனியாகச் சுழல வேண்டும். கண்ணைச் சுற்றிய தோல் புடைப்பாக இருக்க வேண்டும், உள்வாங்கியிருக்கக் கூடாது. நான்கு காலும் கிளையை இறுகப் பற்றி, உடம்பைக் கிளையிலிருந்து தூக்கி நிறுத்த வேண்டும். முழங்கைப் பகுதி வில்லாக வளைந்திருந்தால் எலும்பு ஏற்கெனவே மெலிந்துவிட்டது என்று பொருள். பின்னங்குதிகாலில் சின்ன முள் போன்ற புடைப்பு இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். வெய்ல்டில் இது முட்டையிலிருந்து வெளிவந்த நாளிலேயே தெரியும். விலை குறைகிறது என்று பெண் குட்டியை வாங்குபவர்கள் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

கூண்டு

மீன் தொட்டி உதவாது. நாலு பக்கமும் கண்ணாடி என்றால் காற்று ஓடாது, தன் நிழலுருவத்தையே இன்னொரு பச்சோந்தி என்று நினைத்துக் குட்டி நாள் முழுக்க மிரளும். குட்டிக்கு 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம், 75 செ.மீ. உயரமுள்ள வலைக்கூண்டு போதும். ஆறேழு மாதத்தில் 60, 60, 120 செ.மீ. அளவுக்கு மாற்ற வேண்டிவரும். இடமிருந்தால் முதலிலேயே பெரியதைச் செய்துகொள்ளலாம், ஆனால் உள்ளே செடி நிறைந்திருக்க வேண்டும், தீனியைக் கோப்பையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் குட்டி ஒரு மூலையிலும் பூச்சி ஒரு மூலையிலுமாகப் பொழுது போய்விடும்.

ஜன்னல் வேலை செய்யும் அலுமினியக் கடையில் சொன்னால் ஒரே நாளில் சட்டம் அடித்துக் கொடுப்பார்கள். பின்பக்கமும் இரு பக்கவாட்டும் பிவிசி ஃபோம் ஷீட், முன்பக்கமும் மேல்பக்கமும் வலை என்று கேளுங்கள். மூன்று பக்கம் அடைத்தால் ஈரம் நிற்கும், சுவர் நனையாது, குட்டிக்கும் மறைவு கிடைக்கும். காற்று ஓட, முன்கதவின் அடியில் ஒரு சாண் உயரத்துக்காவது வலை இருக்க வேண்டும். கீழே நுழைந்த காற்று சூடாகி மேலே போய்விடும். வலைக்குப் பிவிசி பூசிய கம்பி வலை நல்லது. சாதாரண நைலான் கொசுவலையை, தீனிக்கு விடும் கிரிக்கெட் பூச்சிகள் (சுவர்க்கோழி) ஒரே வாரத்தில் கடித்து ஓட்டை போடும், குட்டியின் நகமும் அதில் மாட்டும்.

தரையில் மண், தேங்காய் நார்த்தூள் எதுவும் வேண்டாம். நாக்கோடு ஒட்டி உள்ளே போனால் குடல் அடைத்துக்கொள்ளும். வெறும் பிவிசி தளம், நடுவில் ஒரு துளை, அடியில் ஒரு டிரே. இதைவிடச் சுத்தமான ஏற்பாடு இல்லை.

கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். குட்டி வெயில் காயும் கிளை நம் கண் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மேலிருந்து வரும் எதையும் அது பருந்தாகவே பார்க்கும். டிவிக்கு எதிரே, சமையலறை ஓரம், சீலிங் ஃபேனுக்கு நேர்கீழே ஆகிய மூன்று இடங்களும் கூடாது. ஒரு கூண்டுக்கு ஒரு பச்சோந்தி மட்டும். இரண்டு குட்டிகளைச் சேர்த்து வளர்த்தால் ஒன்று சாப்பிடும், மற்றது ஒதுங்கியே மெலியும்.

கிளைக்குக் கொய்யாக் குச்சி மிக நல்லது, பட்டை வழுக்காது, எளிதில் மட்காது. குட்டியின் பிடிக்குப் பென்சில் தடிமன் முதல் கட்டைவிரல் தடிமன் வரை கலந்து வையுங்கள். படுக்கைவாட்டில் அதிகம், சாய்வில் கொஞ்சம்.

செடிகளில் செம்பருத்திக்கு இணையில்லை. வெய்ல்டு குட்டி அதன் இலையையும் பூவையும் சாப்பிடும். மணிபிளாண்ட், குடைச்செடி இரண்டும் நிழலுக்கு உதவும். லால்பாக் பக்கம் சித்தாபுரா நர்சரிகளில் எல்லாம் கிடைக்கும், செம்பருத்தியைக் கன்னடத்தில் தாசவாள என்று கேட்க வேண்டும். வாங்கியதும் கூண்டுக்குள் வைத்துவிடாதீர்கள். நர்சரிச் செடியில் பூச்சிமருந்து இருக்கும். இலைகளின் இரு பக்கத்தையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மண்ணை உதறி, உரம் கலக்காத செம்மண்ணில் மாற்றி நட்டு, மூன்று வாரம் பால்கனியில் வைத்துப் புதுத் துளிர் விட்ட பிறகு உள்ளே கொண்டுபோங்கள். தொட்டி மண்ணின் மேல் குட்டியின் தலையைவிடப் பெரிய கூழாங்கற்களைப் பரப்பிவிடுங்கள். அரளி, எருக்கு, குரோட்டன்ஸ் மூன்றும் கூண்டுக்குள் வரவே கூடாது.

வெளிச்சம்

இரண்டு விளக்கு வேண்டும். ஒன்று சூட்டுக்கு, ஒன்று புற ஊதா பி கதிருக்கு. இந்தக் கதிர் தோலில் படாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லையென்றால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் எலும்பில் ஏறாது. ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், கண்ணாடிக்குப் பின்னால் வைத்து வெயில் காட்டுவதில் ஒரு பயனும் இல்லை.

வாங்க வேண்டியது ஊர்வனவற்றுக்கென்றே வரும் டி5 எச்ஓ நீளக் குழல், 5 அல்லது 6 சதவீதம் என்று எழுதியிருக்கும். 55 செ.மீ. நீளமுள்ள 24 வாட் குழல் பெரிய கூண்டுக்கும் ஆகும். மேல்வலையின் மீது படுக்கவைத்து, கிளையில் நிற்கும் குட்டியின் முதுகுக்கும் குழலுக்கும் நடுவே 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். சுருள் வடிவச் சின்ன பல்பு மலிவு என்பதால் கடையில் அதைத்தான் நீட்டுவார்கள். அதன் வீச்சு ஒரு கையளவு இடத்துக்குத்தான், வேண்டாம். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் 12 மாதத்தில் மாற்றிவிட வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே கதிர் குறைந்துபோகும். ஓர் எச்சரிக்கை: கிருமி நீக்க விற்கப்படும் யூவி விளக்கு வேறு வகைக் கதிர். அதைப் போட்டால் குட்டியின் கண் போய்விடும், உங்கள் கண்ணும் தப்பாது.

சூட்டுக்குச் சாதாரண 40 வாட் குண்டு பல்பு அல்லது ஹாலோஜன் போதும். எல்இடி சூடு தராது. ஊர்வன விளக்குகள் பெரும்பாலும் திருகு வகை இ27 அடியோடு வரும், நம் வீட்டு ஹோல்டர் கொக்கி வகை. ஆகவே இ27 பீங்கான் ஹோல்டர் வாங்குங்கள், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். பல்பு கூண்டுக்கு வெளியேதான். வெப்பமானியின் முனையைக் கிளையில் கட்டாமல், குட்டியின் முதுகு வரும் உயரத்தில் கட்டிப் பாருங்கள். குட்டிக்கு 27 முதல் 29 டிகிரி, வளர்ந்தபின் 30, 31. கூடினால் பல்பை உயர்த்துங்கள், வாட்டைக் குறையுங்கள். பெரியதற்குச் சொன்ன சூட்டைக் குட்டிக்குக் காட்டினால் தலைக்கொண்டையும் முதுகு முள்ளும் முதலில் வெந்துபோகும்.

இரண்டு விளக்கும் டைமரில் காலை 7 முதல் மாலை 7 வரை. இரவில் சிவப்போ நீலமோ எந்த விளக்கும் வேண்டாம், இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். ஏப்ரலில் அறையே 30 டிகிரியைத் தாண்டினால் சூட்டு பல்பை அணைத்துவிட்டு, யூவி குழலை மட்டும் எரியவிடுங்கள். மேல்மாடி வீடு, அதிலும் ஷீட் போட்ட கூரை என்றால் இது கட்டாயம்.

நிஜ வெயில் இதையெல்லாம் விட உயர்ந்தது. காலை 8 முதல் 9:30க்குள், பாதி நிழலுள்ள வலைக்கூண்டில், 20 நிமிடம் பால்கனியில் வையுங்கள். நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். காகமும் பருந்தும் பூனையும் காத்துக்கொண்டிருக்கும்.

தண்ணீர்

கிண்ணத்தில் வைத்த தண்ணீர் பச்சோந்தியின் கண்ணுக்குத் தண்ணீராகவே தெரியாது. இலை நுனியில் தொங்கும் சொட்டு வெளிச்சத்தில் மின்ன வேண்டும். அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கும், பிறகு மெல்ல நகர்ந்து வந்து வாயை இலையில் பதித்து மென்று மென்று குடிக்கும். குடிக்கும்போது கண் இரண்டும் உள்வாங்கிச் சுழலும், தொண்டை ஏறி இறங்கும். அந்த நேரத்தில் அறைக்குள் யாராவது நுழைந்தால் அப்படியே நிறுத்திவிடும். பிறகு மணிக்கணக்கில் குடிக்காது.

மூன்று வேளை ஏற்பாடு செய்யுங்கள். விளக்கு எரிவதற்கு முன், விடியலில் 2 நிமிடம் பனித்தூவல். மதியம் சொட்டுநீர். விளக்கு அணைவதற்கு முன் மறுபடி 2 நிமிடம் தூவல். இரவு ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போகலாம், பகலில் 30 முதல் 50 வரை இறங்கி இலையெல்லாம் காய்ந்துவிட வேண்டும். நாள் முழுக்க நனைத்துக்கொண்டே இருப்பது அக்கறை போலத் தெரியும், அதில்தான் பூஞ்சையும் நுரையீரல் சளியும் தொடங்குகின்றன.

சொட்டுநீருக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் டிரிப் செட் ஒன்று போதும். ஒரு பாட்டிலைக் கூண்டின் மேல் கவிழ்த்துக் கட்டி, உருளைத் திருகால் இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு என்று வையுங்கள். இந்தச் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி என்பதால், அரை மணி நேரத்தில் 45 மில்லி விழும். சொட்டு ஓர் அகல இலையில் விழுந்து, அடுத்த இலைக்கு வழிய வேண்டும். செட்டை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி, மாதம் ஒருமுறை புதிதாக மாற்றுங்கள்.

தூவலுக்கு ஆர்ஓ வடிகட்டியில் இருக்கும் 24 வோல்ட் பூஸ்டர் பம்பு, அதற்கேற்ற அடாப்டர், கால் அங்குல வெள்ளைக் குழாய், 0.3 மி.மீ. பித்தளை நாசில் இரண்டு. எஸ்பி ரோட்டில் ஒரு மதியப்பொழுதில் எல்லாம் சேர்த்துவிடலாம். டைமர் வாங்கும்போது கவனம். முள் வைத்துத் திருப்பும் டைமரின் குறைந்தபட்ச அளவு 15 நிமிடம், அறை குளமாகிவிடும். நிமிடக் கணக்கில் அமைக்க முடிகிற டிஜிட்டல் டைமரே வேண்டும். பொருத்தும் முன் நாசிலை ஒரு டம்ளருக்குள் ஒரு நிமிடம் ஓடவிட்டு அளந்துகொண்டால், அடி டிரேக்கு எவ்வளவு கொள்ளளவு தேவை என்று தெரிந்துவிடும்.

ஆர்ஓ தண்ணீரையே ஊற்றுங்கள். இந்த ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு ஒரே மாதத்தில் நாசிலை அடைக்கும், இலை மேல் வெள்ளைப் படலம் கட்டும். நாசில் அடைத்துக்கொண்டது பெரும்பாலும் வெளியிலிருந்து தெரியாது, பம்புச் சத்தம் வழக்கம்போலக் கேட்கும். ஆகவே தினமும் காலையில் இலையைத் தொட்டுப் பாருங்கள். மின்வயர்கள் பிளக்குக்கு வருமுன் ஒரு வளைவு தாழ்ந்து தொங்கட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் போதுமா என்பதை எச்சத்தில் பார்க்கலாம். பழுப்புப் பகுதியோடு வரும் கட்டி வெள்ளையாக இருந்தால் சரி. நுனியில் லேசான மஞ்சள் பரவாயில்லை. முழுக்க ஆரஞ்சு நிறம் என்றால் தாகம் முற்றிவிட்டது.

தீனி

மூன்று முதல் ஆறு மாதம் வரை நாளுக்கு 10, 12 சின்ன கிரிக்கெட்டுகள், காலையும் முன்மதியமுமாக. பூச்சியின் அகலம் குட்டியின் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைத்து, ஒரு வயதில் ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து என்று நிறுத்தலாம். மீல்வார்ம் என்ற மாவுப்புழு எப்போதாவது, அதுவே தினசரித் தீனி ஆகிவிடக் கூடாது.

பெங்களூருக்கு இன்னொரு பேறு, பக்கத்தில் இருக்கும் பட்டு ஊரான ராமநகரா. பட்டுப்புழு நல்ல ஈரப்பதமுள்ள, கொழுப்புக் குறைந்த தீனி. ஆனால் புழு வளர்ப்பவர்கள் நோய் வராமல் இருக்கப் படுக்கையில் கிருமிநீக்கப் பொடி தூவுவார்கள். பெரிய புழுவை வாங்கி அன்றைக்கே போட்டுவிடாமல், சின்னப் புழுக்களாக வாங்கி, மருந்தடிக்காத மல்பெரி இலையில் ஒரு தோல் உரிக்கும்வரை நீங்களே வளர்த்துக் கொடுங்கள்.

பார்க்கில் பிடித்த வெட்டுக்கிளி, வீட்டுக் கரப்பான் இரண்டும் வேண்டாம், மருந்து தின்றவையாக இருக்கலாம். மின்மினி உடம்பிலேயே நஞ்சு உண்டு, ஒன்றே உயிரைப் பறித்துவிடக்கூடும்.

பூச்சிக்கு நீங்கள் போடுவதுதான் கடைசியில் குட்டிக்குப் போகிறது. கொடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பிருந்தே பூச்சிப் பெட்டியில் முருங்கைக்கீரை, கேரட், சர்க்கரைவள்ளி, ஓர் ஆரஞ்சுச் சுளை. முருங்கைக்கீரைக்குக் கன்னடத்தில் நுக்கே சொப்பு. பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவைத்துக்கொள்ளும்.

கிரிக்கெட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அந்தக் குறையைப் பொடியால் நிரப்ப வேண்டும். டி3யும் பாஸ்பரஸும் சேராத வெறும் கால்சியம் கார்பனேட் பொடியை ஒவ்வொரு வேளையும், டி3யும் வைட்டமின் ஏ-யும் உள்ள ஊர்வனப் பொடியை மாதம் இருமுறை. ஒரு கவரில் பூச்சியையும் ஒரு சிட்டிகைப் பொடியையும் போட்டுக் குலுக்கினால் மேலே மெல்லிய மாவுப் பூச்சு பிடிக்கும். அதற்குமேல் அப்பினால் குட்டி தீண்டாது. வெற்றிலைச் சுண்ணாம்பும் கால்சியம்தானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது காரம், வாயையும் நாக்கையும் புண்ணாக்கிவிடும். நாக்குப் புண்ணான பச்சோந்தியால் இரை பிடிக்க முடியாது.

உயரமான, ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக் டப்பாவைக் கிளைக்குப் பக்கத்தில் கட்டி அதில் பூச்சியை விடுங்கள். டப்பாவின் உள்பக்கம் ஒரு துண்டு வலை ஒட்டினால் பூச்சி ஏறி நின்று கண்ணில் படும். மாலையில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட வேண்டும். இரவில் தூங்கும் குட்டியின் கால்விரலையும் கண்ணோரத்தையும் கிரிக்கெட் கடித்துவிடும்.

அறைக்குள் வரும் நஞ்சு

கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் கொசு திரவம், ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில் கூடாது. எல்லாமே பூச்சியைக் கொல்லச் செய்தவை, தீனிப் பெட்டியைக் காலி செய்துவிட்டு அடுத்து குட்டியின் மூச்சுக்கு வரும். ஜன்னலுக்கு வலை அடித்துவிடுவதே தீர்வு. மாநகராட்சியின் கொசுப் புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலை உடனே சாத்துங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை வேறு அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தீபாவளி மூன்று நாளும் கூண்டின் மேல் கனத்த போர்வை, ஜன்னல் அடைப்பு.

முதல் இரண்டு வாரம் குட்டியைக் கையில் எடுக்கவே வேண்டாம். கூண்டின் முன்பக்கத்திலும் பாதியைத் துணியால் மறைத்துவிடுங்கள். இது கொஞ்சி வளர்க்கும் பிராணி அல்ல, பார்த்து வளர்க்கும் பிராணி. அதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

எப்போது பயப்பட வேண்டும்

பகலில் கண் மூடியிருந்தால் அன்றைக்கே மருத்துவர். தாகம், வைட்டமின் ஏ குறைவு, தவறான விளக்கு எதுவாகவும் இருக்கலாம், ஆனால் காத்திருக்க நேரமில்லை. தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு விட்டால், வாயோரம் குமிழி தெரிந்தால், நுரையீரல் தொற்று. ஜூலை, ஆகஸ்டில் வெயிலே இல்லாமல் அறை 20 டிகிரியில் ஈரமாகவே கிடக்கும் நாட்களில் இது வரும். அந்த மாதங்களில் மாலைத் தூவலைப் பாதியாகக் குறையுங்கள். நடக்கும்போது கை நடுங்கினால், கிளையைப் பிடிக்கத் தவறினால், நாக்கு பாதி தூரமே போனால் எலும்பு நோய். விளக்கின் வயதையும் பொடியையும் உடனே சரிபாருங்கள். வளைந்த எலும்பு மறுபடி நேராகாது, ஆனால் மேற்கொண்டு வளையாமல் நிறுத்தலாம்.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். தராசின் மேல் ஒரு குச்சியை நிறுத்தி, பூஜ்யமாக்கி, குட்டியை அதில் ஏறவிட்டால் போதும். வளரும் குட்டியின் எடை இரண்டு வாரம் ஏறாமல் நின்றாலே காரணம் தேட வேண்டும். வந்த முதல் மாதத்திலேயே புது எச்சத்தை மூடிய டப்பாவில், ஃபிரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் குடற்புழுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை. ஹெப்பாளில் அரசு கால்நடைக் கல்லூரி இருக்கிறது, ஊர்வன பார்க்கும் தனியார் மருத்துவர்களும் நகரில் உண்டு. குட்டி வருவதற்கு முன்பே கேட்டு, எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் குட்டி என்றால்

வெய்ல்டு பெண் ஆணையே பார்க்காவிட்டாலும் முட்டையிடும். ஐந்தாறு மாதத்திலேயே தொடங்கிவிடலாம். நிறையத் தீனியும் அதிகச் சூடும் கொடுத்தால் முட்டைகளின் எண்ணிக்கை கூடும், அது உயிருக்கே ஆபத்து. அதனால் பெண்ணுக்கு ஆறு மாதத்திலிருந்தே தீனியைக் குறைத்து, சூட்டை 27 டிகிரியோடு நிறுத்துங்கள்.

ஐந்தாம் மாதம் முதல் கூண்டுக்குள் நிரந்தரமாக ஒரு பெட்டி வேண்டும்: 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், கழுவிய ஆற்றுமணல். விரலை விட்டுத் துளைத்தால் பள்ளம் இடியாமல் நிற்கும் அளவுக்கு ஈரம். எப்போதும் உச்சியில் இருப்பவள் தரையில் அலையத் தொடங்கினால், தீனியை ஒதுக்கினால், கூண்டைச் சுற்றித் துணியைத் தொங்கவிட்டு ஒதுங்கிவிடுங்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் தோண்டிய குழியை அப்படியே விட்டுவிடுவாள், முட்டை உள்ளேயே தங்கிவிடும். இட்டு முடித்ததும் மண்ணை மூடி மிதித்துவிட்டு, வயிறு ஒட்டி மேலே ஏறி வருவாள். உடனே சொட்டுநீரை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், இரண்டு மூன்று நாள் தீனியையும் கால்சியத்தையும் தாராளமாகக் கொடுங்கள். இரண்டு நாள் தோண்டியும் இடாமல், கண்மூடித் தரையிலேயே படுத்துவிட்டால் எக்ஸ்ரே எடுக்கிற மருத்துவரிடம் அன்று மாலைக்குள் போய்ச் சேருங்கள்.